அந்தி நேரப் பனித் தெரு: பனியை வெள்ளையாக்கியதும் படத்தில் இருந்த குளிர் போய்விட்டது

#1 பாலத்தடி

வணக்கம் நண்பர்களே. ஒரு வாரமாக ஒரே படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் கைகொடுங்கள்.

நடைபாலத்தின் மேலே நின்று எடுத்தது. சூரியன் மறைந்து 25 நிமிடம் ஆகியிருக்கும். மெல்லிசாகப் பனி பெய்துகொண்டிருந்தது. கீழே ஒரு தெரு, இரண்டு பக்கமும் நான்கைந்து மாடிக் கட்டடங்கள், தெருக்கோடியில் மூட்டத்துக்குள் பாதி மறைந்த மணிக்கூண்டு. இடது ஓரத்தில் ஆரஞ்சு வெளிச்சம் தரும் பழைய சோடியம் தெருவிளக்கு, அதன் அடியில் யாரோ சாய்த்துவிட்டுப் போன சைக்கிள். நடுத்தெருவில் குடையோடு ஒருவர் நடந்து போகிறார். 35 மி.மீ. லென்ஸ், எஃப் 8, 1/15 நொடி, ஐஎஸ்ஓ 800, முக்காலி. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு இருக்கிறது.

கேமரா திரையில் பார்த்தபோது பனி அழுக்குச் சாம்பலாக, நீலம் பாய்ந்து கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் மென்பொருளில் வைட் பேலன்ஸ் பிப்பெட்டை (சொடுக்கிய இடம் நிறமில்லாமல் வரும்படி மொத்தப் படத்தின் நிறத்தையும் சமன்செய்வது) எடுத்து நடுத்தெருப் பனிமேல் சொடுக்கினேன். 9,800 கெல்வினில் போய் நின்றது (இந்த எண் கூடினால் படம் மஞ்சளாகும், குறைந்தால் நீலமாகும்). பனி வெள்ளையானது, ஆனால் விளக்கு தீப்பற்றி எரிவது போல ஆகிவிட்டது. அதைத் தணிக்க ஆரஞ்சின் சாச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியை, 60 குறைத்தேன். தூரத்துக் கட்டடங்கள் மங்கலாகத் தெரிந்ததால் மூட்டத்தைக் குறைக்கும் டிஹேஸ் 40, ஓரங்களை அழுத்திக் காட்டும் கிளாரிட்டி 45.

இப்போது ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அங்கே நின்றபோது விரல் விறைத்த அந்தக் குளிர் படத்தில் இல்லை. எங்கே தவறவிட்டேன்?

[படம் 1 இணைக்கப்பட்டுள்ளது]

#2 தூரப்பார்வை

நல்ல இடம், நல்ல நேரம். படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி மணிக்கூண்டின் ஓரத்தைப் பாருங்கள். சுற்றிலும் வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறது. அது கிளாரிட்டியின் வேலை. மூட்டத்துக்கு நடுவே நிற்கும் எதற்கும் அந்த ஸ்லைடர் ஆகாது.

#3 பழைய இருட்டறை

தம்பி, படம் நன்றாக இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். குடைக்காரர் விளக்கின் வெளிச்சத்துக்குள் வருவதற்கு ஓர் அடி முன்னால் பிடித்திருக்கிறீர்கள். அந்த ஓர் அடிதான் படம்.

நீங்கள் இரண்டு வேறு சிக்கல்களை ஒன்றாக்கிவிட்டீர்கள். பனி சாம்பலாக இருப்பது வேறு, பனி நீலமாக இருப்பது வேறு.

சாம்பல் என்பது வெளிச்ச அளவு பற்றியது. கேமராவின் மீட்டருக்கு அது பார்ப்பது பனியா கரியா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுச்சாம்பலாக வரும்படிதான் கணக்குப் போடும். அதனால்தான் பகலில் பனி நிறைந்த காட்சியை எடுக்கும்போது ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) கூட்டி எடு என்று சொல்வார்கள். கூட்டாமல் எடுத்துவிட்டால் மென்பொருளில் எக்ஸ்போஷர், அதாவது வெளிச்ச அளவு, ஸ்லைடரில் கூட்டிக்கொள்ளலாம். அவ்வளவுதான், அதற்கும் நிறத்துக்கும் சம்பந்தம் இல்லை.

நீலம் என்பது ஒளி பற்றியது. சூரியன் கீழே போன பிறகு அந்தத் தெருவுக்கு விழுகிற ஒளி முழுக்க வானத்திலிருந்து வருகிறது. வானம் நீலம், ஆகவே பனியும் நீலம். நடுப்பகலில்கூட கட்டட நிழலில் கிடக்கும் பனி இதே காரணத்தால்தான் நீலமாக இருக்கும். அது கேமராவின் பிழை இல்லை, அந்த நேரத்தின் அடையாளம். பிப்பெட்டைப் பனிமேல் வைத்ததும் மென்பொருளிடம் நீங்கள் சொன்னது, "இந்த இடத்தில் இருக்கும் வானத்தின் நிறத்தை எடுத்துவிடு" என்று. அது கேட்டுக்கொண்டு மொத்தப் படத்துக்கும் மஞ்சளை ஊற்றியது. ஏற்கெனவே ஆரஞ்சாக இருந்த சோடியம் விளக்குமேலும் அதே மஞ்சள் விழுந்தது, தீப்பற்றியது. பிறகு அந்த ஆரஞ்சையும் நீங்களே வடித்துவிட்டீர்கள். நீலமும் போய், ஆரஞ்சும் போய், அந்தியில் மிச்சம் என்ன இருக்கும்?

எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய் மறுபடி தொடங்குங்கள். முதலில் எக்ஸ்போஷர் மட்டும். பிறகு வைட் பேலன்ஸை 4,500க்கும் 5,500க்கும் நடுவில் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். பகல் ஒளிக்கான அமைப்பு சுமார் 5,500. அதில் வைத்தாலே அந்தி, அந்தி மாதிரி தெரியத் தொடங்கும்.

இன்னொன்று. பகல் பனிக்குச் சொன்ன விதியை அந்திப் பனிக்கு வைக்காதீர்கள். உங்கள் படத்தில் நடுத்தெருப் பனியை அளந்து பார்த்தேன், சிவப்பு 247, பச்சை 247, நீலம் 245 (மூன்றும் 255 ஆனால் முழு வெள்ளை). தூரத்துக் கூரைமேல் இருக்கும் பனியும் கிட்டத்தட்ட அதே அளவு. அந்தியில் ஒரு தெருவில் மிகப் பிரகாசமான பொருள் விளக்காக இருக்க வேண்டும், அடுத்தது வெளிச்சம் உள்ள ஜன்னல்கள், அதற்கு அடுத்துதான் பனி. நீங்கள் பனியை விளக்குக்குச் சமமாக உட்கார வைத்துவிட்டீர்கள். விளக்கு எரிகிற மாதிரியே தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

#4 வெள்ளைத்தாள்

ஐயா சொல்வதோடு முழுவதும் ஒத்துப்போக முடியவில்லை. நான் பல வருடம் பனி விழும் ஊர்களில் இருந்தவன். அந்தியில் தெருவில் நின்றால் பனி நீலமாகவா தெரிகிறது? வெள்ளையாகத்தான் தெரிகிறது. நம் கண் ஒளிக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கேமராவுக்கு அந்தத் திறமை இல்லை, அதனால்தான் வைட் பேலன்ஸ் என்ற ஒன்றே இருக்கிறது. பனியை நீலமாக விடுவது அழகாக இருக்கலாம், ஆனால் அது பார்த்ததை எடுத்த படம் ஆகாது. இணையத்தில் வரும் பனிப் படங்களில் பாதி, பல்பொடி விளம்பரம் போல நீலம் பூசி வருகின்றன. அந்தப் பக்கம் இவரைத் தள்ளாதீர்கள்.

#5 பாலத்தடி

இரண்டு பேருக்கும் நன்றி. குழப்பமும் இப்போது இரண்டு மடங்கு ஆகிவிட்டது. அங்கே நின்றபோது நீலமாகப் பார்த்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். உண்மையாகவே நினைவில்லை.

#6 பழைய இருட்டறை

வெள்ளைத்தாள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. கண் பழகிக்கொள்ளும். ஆனால் முழுதாகப் பழகாது. அதிலும் நீல வானமும் ஆரஞ்சு விளக்கும் ஒரே பார்வையில் இருக்கும்போது எந்த ஒன்றுக்கும் முழுசாகப் பழகிக்கொள்ள கண்ணால் முடியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துகொண்டே இருக்கும்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அந்தி நேரத்தில் மஞ்சள் விளக்கு எரியும் அறைக்குள் இருந்துகொண்டு ஜன்னல் வழியாக வெளியே பாருங்கள். வெளியே எல்லாம் ஆழ்ந்த நீலமாகத் தெரியும். அப்படியே கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்ப் பத்து நிமிடம் நில்லுங்கள். நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து பனி வெளுத்துவிடும். திரும்பி வீட்டு ஜன்னலைப் பார்த்தால் அது முன்பைவிட மஞ்சளாக இருக்கும். தெரு அதே தெருதான்.

இப்போது இந்தப் படத்தைப் பார்க்கப்போகிறவர் எங்கே இருக்கிறார்? தெருவில் இல்லை. விளக்கு எரியும் ஓர் அறையில், ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஜன்னலுக்கு உள்பக்கம் இருப்பவர். அவருக்கு வெளியே குளிர்கிறது என்று தெரிய வேண்டுமானால் அந்த நீலத்தில் ஒரு பங்காவது மிஞ்ச வேண்டும். எவ்வளவு பங்கு என்பதில்தான் நீங்கள் சொல்லும் எச்சரிக்கை வேலை செய்கிறது. பல்பொடி நீலம் எனக்கும் ஆகாது.

#7 வெள்ளைத்தாள்

ஜன்னல் கணக்கு எனக்குப் புதிது. இன்றைக்கே நின்று பார்க்கிறேன். சரி, நீலம் இருக்கட்டும். ஆனால் விளக்குக்கு அடியில் இருக்கும் பனி நீலமாக இருக்கக் கூடாது, அங்கே அது விளக்கின் நிறத்தைத்தான் காட்ட வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

#8 பழைய இருட்டறை

அதில் இரண்டாவது பேச்சே இல்லை.

#9 நான்குமூலை

நிறம் பற்றி நீங்கள் பேசிக்கொண்டிருங்கள், நான் சட்டகத்துக்கு வருகிறேன். கேமரா கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது, அதனால் கட்டடங்கள் மேலே விரிந்து, கீழே ஒடுங்கி நிற்கின்றன. வலது பக்கத்துக் கட்டடம் வெளியே விழப்போவது போல இருக்கிறது. செங்குத்துக் கோடுகளை நேராக்குங்கள், ஆனால் முழுக்க நேராக்காதீர்கள். 80 சதவீதம் போதும். மேலிருந்து பார்க்கிறோம் என்ற உணர்வு கொஞ்சம் இருந்தால்தான் தெருவுக்கு ஆழம் வரும். இதைச் செய்யும்போது கீழ் மூலைகளோ மேல் மூலைகளோ அறுபடும், ஆகவே க்ராப் செய்வதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள்.

அப்புறம் க்ராப். அடியில் பாலத்தின் கைப்பிடி கறுப்பாக ஒரு பட்டை போட்டிருக்கிறது. பார்வையை உள்ளே விடாமல் அது வாசலிலேயே நிறுத்துகிறது. எடுத்துவிடுங்கள்.

#10 பாலத்தடி

கைப்பிடியை எடுத்தால் கீழ்ப்பகுதியில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு போய்விடுகிறது. அவ்வளவு வெட்டலாமா? எடுக்கும்போதே சரியாக எடுத்திருக்க வேண்டும் என்று மனசு உறுத்துகிறது.

#11 பழைய இருட்டறை

ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1893 பிப்ரவரி 22 அன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் பனிப்புயலுக்கு நடுவே சுமார் மூன்று மணி நேரம் கையடக்கக் கேமராவோடு நின்றார். பனியைக் கிழித்துக்கொண்டு குதிரை வண்டி ஒன்று வரும் படம் கிடைத்தது. பனி நகரப் படம் என்றால் இன்றைக்கும் முதலில் காட்டப்படும் படங்களில் அது ஒன்று. நாம் பார்த்துப் பழகிய அந்தப் படம் அவர் எடுத்த முழு நெகட்டிவ் இல்லை. சுற்றியிருந்ததில் நிறைய வெட்டிவிட்டு, வண்டியும் சக்கரத் தடங்களும் மட்டும் நிற்கும்படிதான் அச்சிட்டார். மூன்று மணி நேரம் காத்திருந்த மனிதருக்கே வெட்டுவதற்குத் தயக்கம் இல்லை. நீங்களும் தாராளமாக வெட்டுங்கள்.

நான்குமூலை சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். சைக்கிளின் நிழல் கீழே நீளமாக விழுகிறதே, அதன் நுனி அறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

#12 பாலத்தடி

மறுபடி முதலிலிருந்து செய்தேன். எக்ஸ்போஷர் 0.7 கூட்டினேன். வைட் பேலன்ஸ் 4,100. டிஹேஸ், கிளாரிட்டி இரண்டும் பூஜ்யம். கோடுகளை நேராக்கி, கைப்பிடியை வெட்டினேன். விளக்குக்கு அடியில் வட்டமாக ஒரு மாஸ்க் போட்டு, அந்த இடத்தில் மட்டும் நிறத்தின் சூட்டைக் கூட்டினேன். எனக்குப் பிடித்திருக்கிறது. பனி லேசாகத்தான் நீலமாக இருக்கிறது, குளிரும் வந்துவிட்டது.

[படம் 2 இணைக்கப்பட்டுள்ளது]

#13 தூரப்பார்வை

லேசாகவா? எனக்கு மொத்தத் தெருவும் மையில் முக்கி எடுத்தது போல இருக்கிறது. வேறு யாருக்காவது அப்படித் தெரிகிறதா?

#14 வெள்ளைத்தாள்

எனக்கும் அப்படித்தான். இதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

#15 மணல்கடிகை

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பாலத்தடி, எந்த நேரத்தில் உட்கார்ந்து திருத்தினீர்கள்? கணினியில் இரவு நேர ஒளி வசதி, அதாவது மாலைக்கு மேல் திரையை மஞ்சளாக்கும் அமைப்பு, ஓடிக்கொண்டிருந்ததா? போன வருடம் எனக்கு இதே கதி. ஒரு முழு ஆல்பத்தையும் அந்த மஞ்சள் திரையில் திருத்தி அனுப்பிவிட்டேன். முகங்களெல்லாம் நீலம் பாரித்துப் போயிருந்தன. திருத்தச் சொன்னவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் திரும்பச் செய்து கொடுத்தேன்.

#16 பாலத்தடி

ஆமாம்! ராத்திரி 11 மணி. அந்த வசதி ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அணைத்துவிட்டுப் பார்த்ததும் நீங்கள் எல்லோரும் பார்த்தது எனக்கும் தெரிந்தது. திரை மஞ்சளாக இருந்ததால் நான் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். மணல்கடிகைக்கு ரொம்ப நன்றி, இதை நானாகக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

#17 மணல்கடிகை

அதோடு திரையின் பிரகாசத்தையும் பாருங்கள். இருட்டு அறையில் திரையை முழுப் பிரகாசத்தில் வைத்துத் திருத்தினால் படம் இருட்டாகத்தான் வந்து முடியும், ஏனென்றால் கண்ணை உறுத்தும் வெள்ளையை நாமே குறைத்துக்கொண்டு வருவோம். திரையை அளவீடு செய்யும் கருவி இருந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா, வெண்மை 6,500 கெல்வின் என்று வைத்துக்கொள்ளலாம். கருவி இல்லையென்றால் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெற்றுப் பக்கமும் தாளும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் தெரியும்வரை குறையுங்கள். துல்லியம் இல்லை, ஆனாலும் சும்மா விடுவதைவிட எவ்வளவோ மேல். இணையத்தில் போடும்போது எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் ஏற்றுமதி செய்யுங்கள். அடோபி ஆர்ஜிபியில் போட்டால் சில திரைகளில் வெளிறிப்போகும்.

#18 தூரப்பார்வை

திரும்பத் தொடங்கும் முன் இன்னும் இரண்டு இடம் காட்டுகிறேன், 100 சதவீதத்தில் பார்த்தபோது கண்ணில் பட்டவை.

முதலாவது, விழும் பனித்துணுக்குகள். 1/15 நொடியில் அவை குட்டிக் குட்டிக் கோடுகளாகப் பதிந்திருக்கின்றன. படம் 1இல் விளக்கைச் சுற்றி அவை தெளிவாக இருந்தன. படம் 2இல் பாதியைக் காணோம். நாய்ஸ், அதாவது இருட்டில் எடுக்கும்போது படத்தில் வரும் மணல் போன்ற புள்ளிகள், அதைக் குறைக்கும் அமைப்பை அதிகமாக வைத்திருக்கிறீர்கள். மென்பொருளுக்கு நாய்ஸ் புள்ளியும் பனித்துணுக்கும் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்தே துடைக்கும். நிற நாய்ஸை எடுங்கள், அது பனிக்குக் கெடுதல் செய்யாது. வெளிச்ச நாய்ஸைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவிடுங்கள். ஐஎஸ்ஓ 800இல் வரும் மணல்தன்மை இந்தப் படத்துக்குப் பொருந்தித்தான் இருக்கிறது.

இரண்டாவது, வலது பக்கம் மூன்றாம் மாடி. அங்கே ஒரு சின்ன ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. படம் 2இல் அது சுவராகிவிட்டது. சென்சார் தூசியை எடுக்கும்போது அதையும் சேர்த்து அழித்துவிட்டீர்களா?

#19 பாலத்தடி

அடடா, ஆமாம். வானத்தில் இருந்த தூசிப் புள்ளிகளைத் தானாகக் கண்டுபிடித்து எடுக்கும் வசதியைப் போட்டேன். அது ஜன்னலையும் எடுத்திருக்கிறது. திரும்பக் கொண்டுவருகிறேன். பக்கத்தில் இருக்கும் குப்பைத் தொட்டியையும் அதன் மேல் கிடக்கும் கறுப்புப் பையையும் எடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

#20 நான்குமூலை

எடுத்துவிடுங்கள், கண் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது.

#21 வெள்ளைத்தாள்

வேண்டாம். தூசி கேமராவுடையது, அதை எடுப்பதில் தவறில்லை. தொட்டி தெருவுடையது. உறுத்தினால் அதன் மேல் விழும் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், தானாகப் பின்னால் போய்விடும். பையின் மேல் ஒரு விரற்கடை உயரத்துக்குப் பனி சேர்ந்திருக்கிறது, பார்த்தீர்களா? எவ்வளவு நேரமாகப் பெய்துகொண்டிருக்கிறது என்று படத்தில் சொல்லும் ஒரே இடம் அது.

#22 நான்குமூலை

பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் சொல்வது சரி, நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

#23 பழைய இருட்டறை

டிஹேஸ் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. முதல் படத்தில் அதிகம் கெடுத்தது அதுதான் என்பேன். மூட்டம் ஓர் அழுக்கு இல்லை தம்பி. பக்கத்துச் சுவர் கரியாக, நடுக் கட்டடம் சாம்பலாக, மணிக்கூண்டு வானத்தோடு கரைகிற மாதிரி, இப்படிப் படிப்படியாக வெளுத்துக்கொண்டு போவதால்தான் தெரு எவ்வளவு நீளம் என்று நமக்குத் தெரிகிறது. டிஹேஸ் போட்டதும் மூன்றும் ஒரே கறுப்புக்கு வந்து, மணிக்கூண்டு குடைக்காரரின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. வேண்டுமானால் எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்கள். தெருக்கோடிக்கு மட்டும் ஒரு மாஸ்க் போட்டு டிஹேஸை மைனஸ் 8, மைனஸ் 10 என்று வையுங்கள். மூட்டம் ஒரு துளி கூடும். முன்னால் இருக்கும் சைக்கிளுக்கு மட்டும் கொஞ்சம் டெக்ஸ்சர் கூட்டுங்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் போதும், மொத்தப் படத்துக்கும் கான்ட்ராஸ்ட் கூட்டத் தேவையே வராது.

ஷார்ப்னஸ் போடும்போது மாஸ்கிங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள், வானத்தில் விழக் கூடாது.

#24 பாலத்தடி

இன்று பகல் வெளிச்சத்தில், இரவு வசதியை அணைத்துவிட்டு, திரையின் பிரகாசத்தையும் குறைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

எக்ஸ்போஷர் 0.6. வைட் பேலன்ஸ் 5,000. நடுத்தெருப் பனி இப்போது 158, 171, 192 என்று காட்டுகிறது. விளக்கின் அடியில் 236, 205, 160. வட்ட மாஸ்க்கை எடுத்துவிட்டேன். எக்ஸ்போஷரும் வைட் பேலன்ஸும் சரியான இடத்துக்கு வந்ததும் விளக்குப் பகுதி தானாகவே சூடாகத் தெரிந்தது, தனியாகக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. ஆரஞ்சில் மட்டும் சாச்சுரேஷன் மைனஸ் 10, சோடியம் விளக்கின் நிறம் கொஞ்சம் பச்சையாக மஞ்சளித்ததால். தெருக்கோடியில் டிஹேஸ் மைனஸ் 8. ஜன்னல் திரும்பி வந்துவிட்டது. தொட்டி அங்கேயே இருக்கிறது.

வேலை செய்யும்போது ஒன்று கவனித்தேன். சைக்கிள் சீட்டின் மேல் இருக்கும் பனியில் விளக்கைப் பார்த்த பக்கம் ஆரஞ்சு, தெருவைப் பார்த்த பக்கம் நீலம். நடுவில் முடி அளவுக்கு ஒரு கோடு, அதில் நிறமே இல்லை. உள்ளங்கை அளவு பனியில் இரண்டு ஒளியும் சந்திக்கின்றன. படம் 1இல் அந்த இடம் ஒரே வெள்ளைத் திட்டாக இருந்தது.

[படம் 3 இணைக்கப்பட்டுள்ளது]

#25 வெள்ளைத்தாள்

இந்தப் பனியை நான் பார்த்திருக்கிறேன். மனசார ஏற்றுக்கொள்கிறேன். ஐயா சொன்ன ஜன்னலையும் நேற்று நின்று பார்த்தேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஆறேழு நிமிடத்திலேயே நீலம் வடியத் தொடங்கிவிட்டது.

#26 தூரப்பார்வை

மணிக்கூண்டைச் சுற்றி இருந்த கோடு போய்விட்டது. விளக்கைச் சுற்றிப் பனி விழுவதும் தெரிகிறது. பிரமாதம்.

#27 பழைய இருட்டறை

சீட்டில் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தீர்களே, ரொம்ப சந்தோஷம் தம்பி. இப்போதைக்குக் கோப்பை மூடிவிடுங்கள். இரண்டு நாள் இந்தப் படத்தைத் திறக்கவே வேண்டாம். ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் திரைக்கும் பழகிவிடும், தெருவுக்குப் பழகுவது போலவே. மூன்றாம் நாள் காலையில் திறந்ததும் முதல் ஐந்து நொடியில் எது உறுத்துகிறதோ அதை மட்டும் தொடுங்கள்.

#28 பாலத்தடி

ஐயா சொன்னபடி இரண்டு நாள் விட்டுவிட்டு இன்று காலை திறந்தேன். திறந்ததும் குடைக்காரரின் முன்னால் இருக்கும் பனி இன்னும் கொஞ்சம் நீலமாகப் பட்டது. 5,000ஐ 5,250 ஆக்கினேன். வேறு எதையும் தொடவில்லை. அச்சுக்கு அனுப்பிவிட்டேன், பளபளப்பு இல்லாத தாளில்.